பதினோரு நொடி

அவள் கட்டைவிரலை எடுக்கவில்லை.

கதவுக்குப் பக்கத்துச் சுவரில் மஞ்சள் பொத்தான். அதற்கு மேலே சிவப்பு எழுத்தில் பதினொன்று.

முப்பதிலிருந்து இறங்கி வந்த எண், அவள் அமுக்கியதும் அங்கேயே நின்றுவிட்டது. விரல் இருக்கும்வரை நிற்கும். எடுத்தால் ஓடும். ஓடி முடிந்தால் கம்ப்யூட்டர் சர்வர் அறைக்குள் தீயணைக்கும் வாயு திறந்துகொள்ளும்.

போன மாதம் ஒருவர் வந்து ஆபீஸ்காரர்களுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தார். அவளை யாரும் கூப்பிடவில்லை. பக்கத்தில் நின்று கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். காதை என்ன மூடியா வைக்க முடியும்?

இந்த வாயு வந்தால் நெருப்புக்கு மூச்சு முட்டும், அணைந்துவிடும் என்றார்.

உள்ளே ஆள் இருந்தால் என்று யாரோ கேட்டார்கள்.

ஆளுக்கும் அதேதாங்க என்றார்.

மணி காதைப் பிய்த்தது. கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புகை. புகைக்குள் எங்கோ ஒரு மூலையில் ஆரஞ்சு நிறம் வருவதும் போவதுமாக இருந்தது.

கதவுக்கு வெளியே ஒரு ஜோடி செருப்பு. நீல வார்.

துடைக்கப் போகிறவர்கள் செருப்போடு அந்த அறைக்குள் போகக்கூடாது. தூசி ஆகாதாம். மணி அடித்ததும் எல்லோரோடும் படி வரைக்கும் ஓடியவள், அங்கிருந்து அந்த நீல வாரைப் பார்த்துத்தான் திரும்பி வந்தாள்.

சூப்பர்வைசர் மோகனரங்கம் மேல்மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"ஏம்மா, கைய எடு! வயரெல்லாம் எரியுது."

"அம்சவேணி உள்ள இருக்கறா சார்."

"யாருமில்ல. பேரு கூப்புட்டாச்சு. பதினாலு பேரும் கீழ நிக்கறாங்க."

"எங்க பேரு அந்த லிஸ்ட்டுல இருக்குதுங்களா?"

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். கான்ட்ராக்ட் ஆட்களை அதில் எழுதும் வழக்கமில்லை.

"பயத்துல செருப்ப உட்டுட்டு ஓடியிருப்பா."

"நேத்து வாங்குனதுங்க. உசிரே போனாலும் மாட்டிக்கிட்டுத்தான் ஓடுவா."

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். அவள் இன்னொரு கையையும் கொண்டுவந்து பொத்தானை மூடிக்கொண்டாள்.

"அப்ப ஒரு எட்டு உள்ள போயிப் பாத்துட்டு வாங்க சார்."

அவர் கதவைப் பார்த்தார். ஒரு அடி வைத்தார். அதற்கு மேல் கால் போகவில்லை. குற்றம் சொல்ல முடியாது. வீட்டில் அவருக்கும் நாலு பேர் இருப்பார்கள்.

தீயணைப்பு வண்டி வர இன்னும் கால்மணி நேரம் ஆகும்.

கட்டைவிரல் மரத்துப்போய் வெளுத்துவிட்டது. அவள் கண்ணாடியைப் பார்த்தாள். ஆரஞ்சு நிறம் இப்போது போகவில்லை. வந்த இடத்திலேயே நின்றது.

"சார். கையக் குடுங்க."

எதற்கென்று தெரியாமலே நீட்டினார். அவர் கட்டைவிரலைப் பிடித்து, தன் விரலுக்குப் பக்கத்திலேயே பொத்தான்மேல் வைத்து, அழுத்தினாள். பிறகு தன்னுடையதை மெல்ல உருவிக்கொண்டாள்.

எண் அசையவில்லை.

"நான் வந்து சொல்றவரைக்கும் எடுத்துராதீங்க."

தண்ணீர் வாளியில் துடைக்கும் துணியை முக்கி மூக்கோடு சேர்த்துக் கட்டினாள். கதவைத் திறந்தாள். அந்த அவசரத்திலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைந்தாள். பழக்கம்.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

உள்ளே நிமிர முடியவில்லை. முட்டி போட்டாள். தரை சுட்டது. இடது கையால் இரும்பு அலமாரிகளைத் தொட்டுத் தொட்டு நகர்ந்தாள். ஒன்று. இரண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மணிச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

நாலாவது அலமாரிக்குப் பின்னால் ஒரு கை அவள் சேலையைப் பிடித்தது.

அடியில் ஓடும் வயர்களைத் துடைக்க, தரைப் பலகை ஒன்றைத் தூக்கி வைத்திருந்தாள் அம்சவேணி. மணி அடித்ததும் எழுந்து ஓடியிருக்கிறாள். தான் திறந்த பள்ளத்திலேயே கால் போய்விட்டது. முட்டி வரைக்கும்.

இழுத்தாள். அம்சவேணியின் கால் வரவில்லை.

பதினொன்று என்று நினைத்துக்கொண்டாள். வேறொன்றும் நினைக்கவில்லை.

பள்ளத்துக்குள் கையை விட்டு, வயர் வயராக விலக்கி, மறுபடி இழுத்தாள். தோல் உரிந்தது. கால் வந்தது.

வெளியே மோகனரங்கத்துக்கு எதிரே இப்போது இரண்டு ஜோடி செருப்பு.

கதவு திறந்தபோது அவருடைய இரண்டு கட்டைவிரல்களும் பொத்தான்மேல் இருந்தன. சட்டை முழுக்க வியர்வை.

அம்சவேணியைச் சுவரில் சாய்த்தாள். கதவை இழுத்துச் சாத்தினாள். துணியை அவிழ்த்து, இருமி முடித்து, சொன்னாள்.

"இனி உடலாமுங்க சார்."

அவர் எடுக்கவில்லை.

"உள்ள வேற யாரும் இல்லியே?"

"இல்லீங்க."

"நல்லாப் பாத்தீங்களா?"

"இந்த மாடிக்கு நாங்க ரெண்டு பேருதானுங்க சார்."

"இன்னொருக்கா யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் யோசித்தாள். அவருக்காகத்தான். பிறகு அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பொத்தானிலிருந்து பிரித்தெடுத்தாள்.

பத்து. ஒன்பது.

அம்சவேணியை ஆளுக்கொரு தோளாகத் தாங்கிக்கொண்டு படிக்கு நடந்தார்கள். பாதிப் படி இறங்கும்போது மேலே பெரிய சீறல் கேட்டது. கைப்பிடிக் கம்பி அதிர்ந்தது. சற்று நேரத்தில் சீறல் நின்றது.



அடுத்த திருப்பத்தில் அம்சவேணி வாயைத் திறந்தாள்.

"சார், தோளு வலிக்குதுங்க. அவ்ளோ அமுக்காதீங்க."

அவர் தன் கட்டைவிரலைப் பார்த்தார்.

அப்போதும் எடுக்கவில்லை.