அலமாரிக்கு அடியில்

“எடுத்த எடுப்பிலேயே சொல்லிடறேன், இது மடியில வந்து உட்கார்ற ஜாதி இல்லை” என்றார் ரயில் ஓட்டுநர்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று அதிக நாள் ஆகவில்லை. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் மனைவி இறந்துபோயிருந்தாள். ‘பார்த்துக்கொள்ள முடியவில்லை, நல்ல வீட்டுக்குப் பூனை இலவசம்’ என்று பேப்பரில் விளம்பரம் கொடுத்ததும் அவரேதான்.

வந்திருந்த பள்ளி ஆசிரியை குனிந்து அலமாரிக்கு அடியில் பார்த்தாள். இருட்டில் இரண்டு பச்சைக் கண்கள் மட்டும் தெரிந்தன.

“ரஷ்யன் புளூ. சாம்பல் நிறம்தான், வெயில்ல பார்த்தா நீலம் அடிக்கும். குட்டை முடி, ரெண்டு அடுக்கு, வெல்வெட் மாதிரி இருக்கும். குளிர் தேசத்துத் துறைமுகத்துலேர்ந்து கப்பல்காரங்க கொண்டுவந்த வம்சம்னு சொல்வாங்க.”

வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்திருந்தது. ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி ஏற்ற இறக்கம் இல்லாமல் வந்தது பேச்சு.

“குணம் எப்படி சார்?”

“அதுதான் வில்லங்கம். புது ஆளைக் கண்டா ஒளிஞ்சுக்கும். மாசக்கணக்கா பழகினாத்தான் கிட்ட வரும். நான் பாதி நாள் வண்டியிலேயே கிடந்தவன், எனக்கே இப்பத்தான் வாலையாவது காட்டுது.”

பூனையைத் தள்ளிவிடப் பார்க்கிறவர் பேசுகிற பேச்சா இது? மனுஷனுக்குச் சாமர்த்தியம் துளிகூட இல்லை.

ஆசிரியை சுவரைப் பார்த்தாள். தையல் மெஷினுக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்தில், நீலக் கிரேயானில் ஒரு பூனை. அதற்கு ஆறு கால்.

“வீட்ல குழந்தைங்க இருக்காங்களா?”

“இல்லைம்மா. தனி ஆள்.”

“பிள்ளைங்க யாராவது பூனையை வச்சுக்க மாட்டாங்களா?”

“ஒரே பையன். அவனுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கல்யாணத்துக்கே நான் போகலை. அம்மா காரியத்துக்குத் தனியா வந்தான், முடிச்சான், போயிட்டான்.”

ஆசிரியைக்குப் பாவமாகிவிட்டது. “நான் எடுத்துக்கறேன் சார். பொறுமையா பழக்கிக்குவேன்.”

அவர் அலமாரிப் பக்கம் பார்த்தார். பச்சைக் கண்கள் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

“பார்த்துச் சொல்றேம்மா” என்றார். காலையில் வந்த மருந்துக்கடைக்காரருக்கும் இதே பதில்தான்.

கதவைச் சாத்திவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். ராத்திரி பகலாக வண்டி ஓட்டியபோதுகூட இப்படி அலுத்ததில்லை. அடுப்பில் பால் வைத்தால் ஒரு டம்ளர் போதும் என்கிற நினைப்பே அவரை ஒரேயடியாகச் சோர வைத்தது.

சாயங்காலம் மறுபடி அழைப்பு மணி அடித்தது. தோளில் பையோடு ஓர் இளம்பெண். வேலை முடிந்து நேராக வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

“பூனை விளம்பரம் பார்த்தேன் சார்” என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

“உட்காருங்க. ரஷ்யன் புளூ. சாம்பல் நிறம்தான், வெயில்ல பார்த்தா...”

முடிக்கவில்லை. அலமாரிக்கு அடியிலிருந்து முதலில் மீசை வந்தது, அப்புறம் தலை, அப்புறம் முழுப் பூனை. நிதானமாகச் சோம்பல் முறித்தது. நேராகப் போய் அவள் காலில் உடம்பைத் தேய்த்துவிட்டு, மடியில் ஏறிச் சுருண்டுகொண்டது.

அவள் முகம் வெளுத்துவிட்டது. “என்னமோ தெரியலை சார்... பூனைங்க எங்கிட்ட சட்டுனு ஒட்டிக்கும்.”

“அப்படியா” என்றார் அவர்.

“நல்லா பார்த்துக்குவேன். எடுத்துட்டுப் போகட்டுமா?” என்றாள். விரல்கள் தம் பாட்டுக்குப் பூனையின் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டிருந்தன.

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக்கூடத் தெம்பு இல்லை.

“இல்லைம்மா. பூனையைக் கொடுக்கற எண்ணமே எனக்குக் கிடையாது. நான் இல்லாதப்ப இதோட பழகின ஆள் யாருன்னு பார்க்கத்தான் விளம்பரமே.”

அவள் பயந்துபோய் எழப் பார்த்தாள். அவர் உட்காரச் சொல்லிக் கையமர்த்திவிட்டு, சுவரில் இருந்த ஆறுகால் பூனையைக் காட்டினார்.

“இதை வரைஞ்சது என் பேரனா, பேத்தியா?”