மறுமுனையில் ஒரு மூச்சு

மூச்சுப் பயிற்சி ஆசிரியையாக வேண்டும் என்று வெளிநாடு போனவள், முதல் மாணவராகத் தன் அப்பாவையே வைத்துக்கொண்டாள்.

பக்கவாதத்தில் பேச்சிழந்த அப்பாவின் வாயருகே அக்கா தினமும் போனை வைப்பாள். சாமியைக் கும்பிட்டுவிட்டு இவள் தொடங்குவாள்.

"நாலு எண்ணுற வரைக்கும் மெதுவா இழுங்கப்பா... இப்ப விடுங்க."

முதலில் மூச்சு தடுமாறியது. மூன்றாவது வாரத்தில் சட்டென்று சீரானது. அதைப் பதிவுசெய்து தேர்வில் போட்டுக் காட்டியபோது வகுப்பே எழுந்து கைதட்டியது.

மூன்று மாதம் கழித்து ஊர் திரும்பியவள், சான்றிதழும் கையுமாக அப்பாவின் அறைக்கு ஓடினாள். கட்டிலை மடித்துச் சுவரில் சாத்தியிருந்தார்கள்.

"அப்பா எங்கக்கா?"

"நீ போன மூணாவது வாரமே போயிட்டாருடி. சொன்னா படிப்பைப் பாதியில விட்டுட்டு ஓடி வந்துடுவியேன்னு..."

"பொய்! முந்தாநாள்கூட நான் சொல்லச் சொல்ல மூச்சு விட்டாரே!"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"கடைசியா முகத்தைக்கூடப் பாக்க விடலியே! நீயெல்லாம் ஒரு அக்காவா?"

அக்கா உடைந்து அழுதாள். விம்மல் நெஞ்சை அடைக்கவே, கண்ணை மூடி, நாலு எண்ணும் நேரம் மெதுவாக மூச்சை இழுத்து விட்டாள்.

மூன்றாவது வாரத்திலிருந்து இவள் போனில் கேட்ட மூச்சு அதுதான்.

மன்னிக்க மனம் வரவில்லை. ஆனாலும் அக்காவின் முதுகில் கைவைத்தாள்.

"இன்னொரு தடவை இழு... இப்ப விடுக்கா."