முன்னால் போகிறவன்

ஜீப்பின் பானெட்டில் கம்பளி விரித்து இரண்டு துப்பாக்கிகளையும் கிடத்தியிருந்தார்கள்.

கேத்தன் பத்தடி தள்ளி நின்றான். கையில் வெட்டுக்கத்தி.

ஒரு மணி நேரமாக இதே பேச்சு. எதை எடுத்துப் போவது என்று வேட்டைக்காரருக்கும் ரேஞ்சருக்கும் முடிவாகவில்லை.

ஒன்று நீளம். புதிது. மேலே டெலஸ்கோப். எதிர்மலையில் நிற்கிற மாட்டின் கொம்பை இங்கிருந்தே எண்ணலாம் என்றார் வேட்டைக்காரர். சொல்லிக்கொண்டே அதைத் தடவினார்.

மற்றது குட்டை. கைபட்டுக் கறுத்துப்போன மரக்கட்டை.

அதையும் எடுத்தார். போல்ட்டைத் தூக்கிப் பின்னால் இழுத்தார். முன்னால் தள்ளி அழுத்தினார்.

கேத்தன் அந்தக் குட்டைத் துப்பாக்கியையே பார்த்தான்.

தடம் பார்க்கிறவன் அவன். இரண்டு வருடம் முன்பு இதே வேலைக்கு அவன் தம்பி மாதன் போனான். முன்னால் மாதன். பின்னால் இதே வேட்டைக்காரர். அவர் கையில் இதே குட்டைத் துப்பாக்கி.

மாதனைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். புலி அடித்தது என்று எழுதினார்கள்.

குளிப்பாட்டியது கேத்தன்தான். உடம்பில் ஒரு நகக்கீறல் இல்லை. முதுகில் ஒரு ஓட்டை. விரல் நுழைகிற அளவு.

சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் சொன்னான். காகிதத்தில் புலி புலியாகவே இருந்தது.

இந்த முறை நிஜமாகவே புலி. நாலு நாளைக்கு முன்னால், கொழுந்து பறித்துக்கொண்டிருந்த கௌசல்யாவைத் தேயிலை வரிசையிலிருந்து இழுத்துப் போயிருந்தது. அவளுடைய இரண்டு பிள்ளைகளும் கேத்தன் வீட்டில்தான் சாப்பிடுகின்றன.

அதற்காகத்தான் வந்தான். இல்லாவிட்டால் இந்த ஆளின் நிழல் விழுகிற இடத்தில் நிற்கமாட்டான்.

ரேஞ்சர் பக்கத்தில் வந்தார்.

“பழசை மனசுல வச்சுக்காத கேத்தா. வந்த வேலையப் பாரு.”

கத்திப்பிடி உள்ளங்கையை அறுத்தது.

“புலி எங்கப்பா படுத்திருக்கு?” வேட்டைக்காரர் அங்கிருந்தே கேட்டார்.

“ஓடைக்கு மேல. உண்ணிச்செடிப் புதருக்குள்ள.”

“அப்ப எது சரிவரும்? நீயே சொல்லேன்.”

சிரித்துக்கொண்டே கேட்டார். கை புதியதன் மேல் இருந்தது.

கேத்தன் கிட்டே போனான். எண்ணெய் வாடை.

அந்தப் புதரில் புலி பத்தடியிலிருந்து பாயும். டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தால் இலைதான் தெரியும். அந்த நீளக் குழலைத் திருப்புவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

நீளம் என்று சொன்னால் போதும்.

அந்த ஒரு சொல் நாக்கு வரைக்கும் வந்தது. ருசியாகக்கூட இருந்தது.

காலையில் கௌசல்யாவின் சின்னப் பெண் கஞ்சியைத் தொடாமல் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

“குட்டை,” என்றான்.

“அதான் நானும் நெனச்சேன்.” வேட்டைக்காரர் தோட்டாக்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். “ம், நட.”

கேத்தன் நகரவில்லை.

“நீங்க முன்னால போங்க சார். வழிய நான் பின்னால இருந்து சொல்றேன்.”

“டேய், வெளையாடுறியா?” ரேஞ்சர் கத்தினார். “அவருக்கு என்ன தடம் தெரியும்?”

“எனக்குத் தெரியும். வேணாம்னா வேற ஆள் பாருங்க.”

வேறு ஆள் இல்லை. மாதனுக்குப் பிறகு ஊரில் யாரும் இந்த வேலைக்கு வருவதில்லை. அது ரேஞ்சருக்குத் தெரியும்.

கீழே ரோட்டில் எஸ்டேட் ஆட்கள் கூட்டமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேட்டைக்காரரும் அவர்களைப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடந்தார்.

ரேஞ்சர் ஜீப்போடு நின்றுவிட்டார்.

வலது, என்றான் கேத்தன். நேராக, என்றான். குனிங்க, என்றான். குரல் மூச்சளவுதான் வந்தது.

புதர் தோள் உயரம். இரண்டு பக்கமும் உரசியது. ஓடையின் சத்தம் மெல்ல ஏறியது. மாதன் விழுந்ததும் இதே ஓடைக்கரையில்தான்.

அன்றைக்கு இவர் கேத்தனிடம் தனியாகச் சொன்னது ஒன்றே ஒன்று. புதர் மறைத்துவிட்டது. ஆள் தெரியவில்லை. ஏதோ அசைந்தது, அவ்வளவுதான்.

எல்லாப் பொய்க்கும் நடுவில் அதை மட்டும் கேத்தன் நம்பியிருந்தான். நம்பப் பார்த்தான். அதை வைத்துத்தான் இத்தனை நாள் சோறு இறங்கியது.

நின்றான்.

முன்னால் ஏழு தப்படியில் வேட்டைக்காரர். காக்கிச் சட்டை. தோள்பட்டைகளுக்கு நடுவே வேர்வை ஊறிப் பரவியிருந்தது. காலர் மடிப்பு தெரிந்தது. கழுத்தில் ஒரு கொசு உட்கார்ந்து எழுந்ததுகூடத் தெரிந்தது.

எந்த இலையும் எதையும் மறைக்கவில்லை.

கேத்தனின் காதுக்குள் ரத்தம் இரைந்தது.

காற்று எதிரிலிருந்து வந்தது. அதில் புலி வாடை.

“சார்.”

வேட்டைக்காரர் நின்றார்.

“இங்கருந்து பாத்தா முதுகு நல்லாத் தெரியுது சார்.”

மெதுவாகத்தான் சொன்னான்.

அந்தக் கழுத்து விறைத்தது. தலை கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம் வந்தது.

“திரும்பாதீங்க,” என்றான் கேத்தன். “புலி முன்னாலதான் இருக்கு.”