தார்ப்பாய்க்குள் வேன்

கட்டிலும் அடுப்பும் வைத்து ஊர் சுற்றுகிற வேன் ஒன்று இருந்தது. மழைக்காலம் வந்ததும் அதன் சொந்தக்காரர் தேவசகாயம் அதை வீட்டோரம் நிறுத்தி, மேலே போர்த்த இரண்டு உறைகளைக் கொண்டுவந்தார்.

"என் வழியாகக் காற்று வந்து போகும். கொஞ்சம் தூசியும் வரும்," என்றது துணி உறை.

"என்னைத் தாண்டி எதுவும் வராது," என்றது தார்ப்பாய்.

வேனுக்குத் தார்ப்பாயைத்தான் பிடித்தது.

சொன்னபடியே உள்ளே மழை வரவில்லை, தூசி வரவில்லை. வெளிச்சமும் வரவில்லை. உள்ளே அடைபட்ட ஈரம் வேர்த்துச் சொட்டி, மெத்தையில் பூஞ்சை பிடித்தது.

"கொஞ்சம் விலகேன், மூச்சு முட்டுது," என்றது வேன்.

"வெளியே இன்னும் மழை கொட்டுது," என்றது தார்ப்பாய். ஆனால் மழைச் சத்தம் நின்று வெகுநாளாகியிருந்தது.

ஒருநாள் காலையில் தேவசகாயம் வந்து தார்ப்பாயின் மேல் கைவைத்தார். "சௌக்கியமா இருக்கியா? கிளம்பலாமா?"

வேன் ஹாரன் அடிக்கப் பார்த்தது. பேட்டரி செத்துப்போயிருந்தது. அதற்குள் வேனின் குரலிலேயே தார்ப்பாய் பதில் சொன்னது:

"நல்லா இருக்கேன். இன்னும் கொஞ்ச நாள் தூங்குறேனே."

அவர் செல்லமாகத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். காலடிச் சத்தம் தேய்ந்ததும், தார்ப்பாய் தன் கயிற்றை இன்னும் ஒரு சுற்று இறுக்கிக்கொண்டது.