கடலடி காணல்

தமயந்தி எழுந்து நின்றபோது நன்றியுரை முடிந்து, மேடையில் குத்துவிளக்கை அணைத்துக்கொண்டிருந்தார்கள்.

கடலறிவியல் ஆசிரியர் பயிற்சியின் மூன்றாவது, கடைசி நாள். பெங்களூரில் ஓர் ஓட்டலின் ஏசி ஹால். நாற்பது ஆசிரியர்கள். மேசைக்கொரு தெர்மாகோல் திமிங்கிலம்.

கையேட்டின் பதினேழாம் பக்கத்தை அவள் விரித்துப் பிடித்தாள்.

செயல்பாடு நான்கு, ‘கடலடி காணல்’. கடல் திடீரென்று வெகுதூரம் உள்வாங்கினால் அது அரிய வாய்ப்பு. மாணவர்களை உடனே கடலடியில் இறக்கி, சிப்பிகள் சேகரிக்கச் செய்யவும்.

சுனாமிக்கு முன்னால்தான் கடல் அப்படிப் போகும், பிள்ளைகள் மேட்டைப் பார்த்து ஓட வேண்டும் என்றாள். இந்த ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டாவது அனுப்புங்கள் என்றாள்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, கார்வார் முதல் மங்களூர் வரையுள்ள கடற்கரைப் பள்ளிகளுக்கான கையேட்டுக் கட்டுகள் வேனில் ஏறிக்கொண்டிருந்தன.

பயிற்சித் தலைவர் கஸ்தூரிரங்கன் புன்னகைத்தார். கடலைப்பற்றி மூன்று நாடுகளில் உரையாற்றியவர். மூன்றும் ஏசி ஹால்.

“மேடம், நம்ம ஊரு கடல் மட்டத்துக்கு மூவாயிரம் அடி மேல இருக்கு. அலை இங்க ஏறி வர்றதுக்குள்ள உங்களுக்குப் பென்ஷனே வந்துடும்.”

ஹால் குலுங்கிச் சிரித்தது.

பக்கத்து நாற்காலியில் டென்சில், அவள் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார், சான்றிதழ் கைக்கு வருகிறவரைக்கும் இந்தக் கிரிகிரி, வம்பெல்லாம் எதற்கு மிஸ் என்று முணுமுணுத்தார்.

அவள் உட்காரவில்லை.

“இதை யார் சார் ஓகே பண்ணது? நான் அவங்களையே கேட்டுக்கறேன்.”

சிரிப்பு நின்றது. கஸ்தூரிரங்கன் மட்டும் புன்னகையை விடவில்லை. முறைப்படி நிபுணர் குழு பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் அச்சுக்கே போயிற்று என்று சொல்லி, கோப்பைத் திறந்து, ஒரு தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

‘நிபுணர் குழு ஒப்புதல்’ என்ற தலைப்புக்குக் கீழே நாற்பது கையெழுத்து.

ஏழாவது அவளுடையது.

வெளியே வேன் ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டது.

முதல் நாள் மதியம், சாப்பாட்டு டோக்கனுக்கென்று, மேல்பாதியை மடித்து நீட்டிய தாள் அது.

அன்றைக்கு மீன் வறுவல். அவள் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கியிருந்தாள்.