எண்ணூறு பேர் வருகிறார்கள்

"எண்ணூத்திப் பதிமூணு பேர்!" என்று கைப்பேசியைக் கணவரின் முகத்துக்கு நேரே நீட்டினாள் தையற்காரி. "இத்தனை பேரும் பத்து மணிக்கு ஆஸ்பத்திரி கேட்டுக்கு வர்றாங்க. நீங்க ஒருத்தர்தான் மூஞ்சியை உம்முன்னு வெச்சிருக்கீங்க."

கணவர் சட்டைப் பொத்தானை ஓர் ஓட்டை தள்ளிப் போட்டு, அவிழ்த்து, மறுபடியும் தப்பாகவே போட்டுக்கொண்டிருந்தார்.

"போன்ல வரேன்னு சொல்றதுக்கு விரல் அசைஞ்சா போதும். நேர்ல வரதுக்குக் கால் அசையணுமே."

"உங்க கம்பெனி விசுவாசம் பேசுது!"

அவருக்குச் சுருக்கென்றது. அந்த எண்ணூறு பேரும் எழுதுகிற ஆப்பை நடத்தும் கம்பெனியில் புகார்ப் பிரிவில்தான் அவருக்கு வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கோடீஸ்வரர் அதை வாங்கினார். இரண்டு பத்திரிகைகளையும் ஒரு டிவியையும் அதற்கு முன்பே வாங்கியிருந்தார். போன மாதம் இந்த ஊர் ஆஸ்பத்திரியையும் வாங்கினார். வாங்கிய கையோடு ஒரு நோட்டீஸ்: டயாலிசிஸ் அறையை மூடிவிட்டு அழகு சிகிச்சைப் பிரிவு திறக்கப் போகிறார்களாம்.

அந்த அறையில்தான் வாரத்துக்கு மூன்று நாள், நாலு நாலு மணி நேரம், அவள் தம்பி படுத்துக் கிடக்கிறான். அடுத்த இயந்திரம் இருப்பது ஆறு மணி நேரப் பஸ் பயணத்துக்கு அப்பால். போகும்போதே பாதி உயிர் போய்விடும்.

எந்தப் பத்திரிகையும் ஒரு வரி போடவில்லை. எப்படிப் போடும்? அதனால் அவளே எழுதினாள், அந்த ஆளுடைய ஆப்பிலேயே. எழுதிய அரை மணியில் இதயமும் கண்ணீருமாகக் குவிந்துவிட்டது. 'விடாதீங்கக்கா', 'நாங்க இருக்கோம்', 'குடும்பத்தோட வரோம்' என்று முகம் தெரியாதவர்கள் எழுதியதைப் படித்துப் படித்து, பாவம், ஒரு வாரமாக அவளுக்குத் தையலே ஓடவில்லை.

"அவன் கடையிலேயே நின்னு அவனைத் திட்டறேன். அழிக்கலை பாத்தீங்களா? பேச்சு சுதந்திரம்னு டிவியில அவன் சொன்னப்ப நான்கூட நம்பலை."

"அழிக்கலைதான்" என்றார் கணவர், நிமிராமல்.

மூலையில் காலை நீட்டியிருந்த தம்பி தன் கைப்பேசியைத் தட்டிப் பார்த்தான். "என் போன்ல உன் போஸ்ட் வரவே இல்லையேக்கா?"

"உன் போன் உன்னை மாதிரியே நோஞ்சான்டா. அதையும் கூட்டிட்டுப் போய் ஊசி போட்டாத்தான் சரிப்படும்."

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். கணவர் சிரிக்கவில்லை.

"இன்னைக்குப் போகாதே. வேற ஏதாவது வழி பார்ப்போம்."

"எந்த வழி? பத்து மணிக்கு டைரக்டருங்க கையெழுத்துப் போடறாங்க. வாசல்ல கூட்டத்தைப் பார்த்தாத்தான் கை நடுங்கும். நீங்களும் லீவு போட்டுட்டு வாங்கன்னா கேக்கறீங்களா?"

"வேலை இருக்கு" என்று சாப்பிடாமலே கிளம்பினார். தெருமுனை வரை போனவர் திரும்பி வந்தார். வாசலில் கிடந்த மச்சினனின் செருப்பை ஜோடி சேர்த்து வைத்தார். மறுபடியும் போய்விட்டார்.

ஒன்பதே முக்காலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் அவளும், 'டயாலிசிஸ் அறையை மூடாதே' என்று எழுதிய அட்டையோடு தம்பியும்தான் நின்றார்கள். வாட்ச்மேன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தம்பி பக்கம் தள்ளினார்.

"பேஷண்டா, போராட்டமா?"

"ரெண்டும்தான்ணே" என்றான் தம்பி.

கைப்பேசி விடாமல் துடித்தது. 'பஸ் ஏறிட்டோம்.' 'பாதி வழி வந்தாச்சு.' அவள் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தாள். ஒவ்வொரு பஸ்ஸாக எட்டிப் பார்த்தாள். இறங்கியவர்கள் மருந்துச் சீட்டோடு அவளைத் தாண்டிப் போனார்கள்.

சரியாகப் பத்து மணிக்குக் கைப்பேசி அடங்கிப்போனது. மூன்று கறுப்புக் கார்கள் உள்ளே நுழைந்தன.

"பின் கேட்டுக்குப் போயிட்டாங்களோ என்னவோ!" மதில் சுவரைச் சுற்றி ஓடினாள். பின் கேட்டில் ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். 'எங்க இருக்கீங்க?' என்று எழுதினாள். எண்ணூறு பேரில் ஒருவரும் பதில் போடவில்லை.

"விடுக்கா, உட்காரு" என்றான் தம்பி.

"வருவாங்கடா. இப்பக்கூட எழுதினாங்களே!"

தெருத் திருப்பத்திலிருந்து ஒரே ஓர் ஆள் ஓடி வந்தார். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை ஆடியது. அவள் கணவர்.

"நீங்க ஒருத்தர் வந்து என்னங்க பண்றது?" என்று அவள் உடைந்து போய்க் கேட்டாள். "அவங்கல்லாம் எங்க?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. மச்சினன் கையிலிருந்த அட்டையை வாங்கி, நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார்.

"முதலாளியைத் திட்டினா நாங்க அழிக்கறதில்லம்மா. எழுதினவங்க கண்ணைத் தவிர வேற யார் கண்ணுக்கும் காட்டறதில்ல, அவ்வளவுதான். அவங்க மனசு ஆறணும், வேற எங்கயும் போய்க் கத்தக் கூடாது. அதுக்காக விதவிதமான பேர்ல ஆமா ஆமான்னு பதில் எழுதறதுதான் ரெண்டு வருஷமா என் வேலை" என்றார். "இனிமே யாருக்காகவும் காத்திருக்காதே. அந்த எண்ணூறு பேரும் நான்தான்."