ஒன்பது ஸ்டூல்கள்

"காலையில ஒம்பது மணிக்கு வந்தா ராத்திரி ஒம்பது வரைக்கும் நின்னுக்கிட்டேதானாக்கா?"

ஜெய்லானி கேட்டதற்கு, ரவிக்கைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்த மொக்கம்மாள் சிரித்தாள்.

"சாப்பிடுறப்ப உட்காருவோம் தம்பி. அதுவும் மொதலாளி கூப்பிடுற வரைக்கும்."

தேனியில் வைகுண்டராஜின் ஜவுளிக்கடை அது. விற்க ஒன்பது பெண்கள், மேல்தட்டுத் துணியை ஏணி போட்டு எடுத்துக் கொடுக்க ஒரு ஆள். ஜெய்லானி உத்தமபாளையத்துப் பையன், பி.பி.ஏ. கடைசி வருஷம். 'தொழிலாளர் நலன்' என்று ப்ராஜெக்ட் எழுதுவதற்காகப் பதினைந்து நாள் அந்தக் கடையில் நோட்டும் கையுமாக உலாத்தினான்.

எண்பத்தாறில் அந்தப் பக்கம் பி.பி.ஏ. புதுசு. "அதென்னப்பா, பி.ஏ.வுக்கு நடுவுல இன்னொரு பி?" என்று அவன் அத்தா மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மகன் வாழைக்காய் மண்டிக்கு வராமல் இப்படி எதையோ படித்துக் கெட்டுப்போகிறானே என்ற கவலை அவருக்கு.

மொக்கம்மாளின் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்திருந்தது. ஜெய்லானி அதையும் எழுதிக்கொண்டான்.

"எம்பேரைப் போட்டுறாதீக தம்பி. ரெண்டு பிள்ளைக படிக்குதுக."

பேரைப் போடவில்லை. 'ஒரு பெண் ஊழியர்' என்று எழுதினான்.

முதலாளியிடமும் கேட்டான். வைகுண்டராஜ் மெத்தை வைத்த நாற்காலியில், மின்விசிறிக்கு நேர் கீழே சாய்ந்திருந்தார்.

"விக்கிறவுக உட்கார்ந்தா வாங்க வந்தவுக எந்திரிச்சுப் போயிருவாக தம்பி. இதெல்லாம் உங்க புஸ்தகத்துல இருக்காது."

அதையும் எழுதிக்கொண்டான்.

அறுபது பக்கம் வந்தது. பேராசிரியர் ஞானதுரைக்கு ஒரே பூரிப்பு. டைப் அடித்து பைண்டு பண்ணி, பையனையும் கூட்டிக்கொண்டு கடைக்கே போய்விட்டார்.

வைகுண்டராஜ் இங்கிலீஷ் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். "இத்தனையும் எழுதி, கடைசியில தம்பி என்னதான் சொல்றாரு?"

"வேலை பாக்குறவங்களுக்கு ஸ்டூல் போடணும்ங்கறார் சார்," என்றார் ஞானதுரை.

"ஸ்டூலா?"

"ஒன்பது ஸ்டூல் போதும். செலவு ரொம்பக் குறைவு. பலன் அதிகம்."

வைகுண்டராஜ் கடையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"போட்டுருவோம்," என்றார்.

மறுவாரமே ஒன்பது ஸ்டூல் வந்து இறங்கியது. உறுதியான தேக்கு. ஞானதுரைக்கு நம்பவே முடியவில்லை. 'மனம் மாறிய முதலாளி' என்று வகுப்பில் ஒரு மணி நேரம் பேசினார். பரீட்சைக்கு அந்தப் பாடம் கிடையாது.

கல்லூரி விழாவுக்கு வைகுண்டராஜ்தான் சிறப்பு விருந்தினர்.

"எங்கடையில வேலை பாக்குற அத்தனை பேரும் எனக்கு மக மாதிரி," என்றார் மைக்கில். "மக கால் கடுக்க நிக்கையில அப்பன் உட்கார்ந்திருக்கலாமா? இந்தத் தம்பிதான் எங்கண்ணைத் தொறந்து விட்டாரு."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சால்வை ஜெய்லானிக்கு ஒன்று, வைகுண்டராஜுக்கு ஒன்று. வைகுண்டராஜுடையதில் சரிகை இருந்தது.

பேப்பரிலும் படம் வந்தது. கடைப் பெண்கள் ஒன்பது பேரும் ஸ்டூலில் விறைப்பாக உட்கார்ந்திருக்க, பின்னால் முதலாளி மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

ப்ராஜெக்டுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு. அத்தா அந்தப் படத்தை வெட்டி மண்டியில் ஒட்டி வைத்தார். இரண்டாவது 'பி' எதற்கு என்று அதன்பிறகு கேட்கவில்லை.

ரம்ஜானுக்கு இரண்டு வாரம் இருந்தது. ஜெய்லானியின் அம்மா ஜெய்த்தூன் பீவி, "துணி எடுத்தா அந்தக் கடையிலதான் எடுக்கணும்" என்று சொல்லிவிட்டாள். மகனோடு பஸ் ஏறி வந்து இறங்கினாள்.

மொக்கம்மாள்தான் சேலை காட்டினாள். எடுத்துப் போட்ட எதுவும் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"அந்தா மேல இருக்கே, பச்சை. அதை எடும்மா."

மொக்கம்மாள் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அலமாரியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். கெண்டைக்கால் ஜெய்லானியின் முகத்துக்கு நேரே வந்தது. துணி சுற்றியிருந்தாள்.

அவன் கடையைச் சுற்றிப் பார்த்தான். அந்தக் கோடியில் ஒரு பெண் ஸ்டூல் மேல் நின்று வேட்டிக் கட்டை இறக்கிக்கொண்டிருந்தாள். இந்தக் கோடியில் இன்னொருத்தி ஸ்டூலில் நின்று எம்பி எம்பிப் போர்வையைத் தேடினாள்.

மொக்கம்மாள் பச்சைச் சேலையோடு இறங்கினாள். அம்மா அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் விரித்துப் பார்த்தாள்.

"அக்கா, மேல ஏறி எடுத்துக் குடுக்க ஏணியோட ஒரு ஆளு இருந்தாரே?" ஜெய்லானி குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"தவசி அண்ணனா? ஸ்டூலு வந்த மறுநாளே நிப்பாட்டிட்டாக. இனி எதுக்கு ஏணி, எதுக்குத் தனியா ஒரு ஆளுன்னு."

"அப்ப, இதுல உட்கார்றதே இல்லையா?"

"உட்கார்ந்தோமே தம்பி. போட்டோ பிடிச்ச அன்னைக்கு."

ஜெய்லானி கல்லாப் பக்கம் திரும்பிப் பார்த்தான். அங்கே இருந்த வைகுண்டராஜ், "தம்பிக்கு ஒரு கலர் சோடா வாங்கிட்டு வாங்கப்பா," என்று அன்பாகக் குரல் கொடுத்தார்.

அம்மா சேலையோடு திரும்பி வந்தாள். நிறம் பிடித்துவிட்டது. கரை மட்டும் இன்னும் கொஞ்சம் அகலமாக வேண்டுமாம். மொக்கம்மாள் மறுபடியும் ஏறினாள்.

கீழே இருந்து அவளை அண்ணாந்து பார்த்து அம்மா பெருமையாகச் சொன்னாள்:

"இந்த ஸ்டூலெல்லாம் எம்மகன் எழுதிக் குடுத்துத்தாம்மா வந்துச்சு. தெரியுமா உனக்கு?"

"தெரியாம என்னம்மா," என்றாள் மொக்கம்மாள் மேலிருந்தே. "முன்னாடி தரையில நின்னுக்கிட்டு இருந்தோம். தம்பி படிச்ச படிப்புல ரெண்டடி உசந்துட்டோம்."